வீடு போனது, கடன் போகவில்லை

திண்டுக்கல்லை ஒட்டிய காலனி அது. மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, அம்பேத்கர் மன்றம். அதையும் தாண்டி மூன்றாவது தெருவில் பச்சை கேட் போட்ட ஒரு தார்சு வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. மாடிப்படி பாதியில் நிற்கிறது. அந்த வீட்டைக் கட்டியவர் இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் மாதம் 1,800 ரூபாய் வாடகைக்கு இருக்கிறார். பேரூராட்சியில் தூய்மைப் பணி. அதிகாலை 5 மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது நேர்வழியில் போவதில்லை.

“அந்தத் தெரு வழியாப் போனா அன்னைக்கு வேலை ஓடாது தம்பி. சுத்தித்தான் போவேன்” என்றார் எங்களிடம்.

வீடு ஏலம் போனது 2019 செப்டம்பரில். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார். 2025 மார்ச்சில் ஒரு பதிவுத் தபால் வந்தது. வீட்டுக்கடன் கணக்கில் 5,22,000 ரூபாய் பாக்கி, 15 நாளில் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை. தபாலுக்குப் பின்னாலேயே ஆளும் வந்தார்.

“வீட்டத்தான் எடுத்துக்கிட்டீங்களே, அப்புறம் என்னய்யா கடன்னு கேட்டேன். வந்த பையன் சிரிச்சான். ‘உன் வீடு வித்த காசு பாதிக்குத்தான் காணும், மீதி நிக்குது, எப்பக் கட்டுற’ன்னான். என் மகன் வயசுதான் இருக்கும். நீ, வா, போன்னுதான் பேசுனான்.”

இதே கேள்வியை வேறு இரண்டு காலனிகளிலும் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். வீட்டை எடுத்துக்கொண்டால் கடன் தீர்ந்தது என்றுதான் நம் மக்கள் பலரும் நம்புகிறார்கள். அடகுக் கடையில் நகை மூழ்கிப்போனால் யாரும் பாக்கி கேட்டு வீட்டுக்கு வருவதில்லையே, அந்தக் கணக்கு. வீட்டுக்கடனில் அப்படி இல்லை. 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 13-வது பிரிவின் 10-வது உட்பிரிவு, விற்ற தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதியைக் கேட்டு வழக்குப் போடக் கடன் கொடுத்தவருக்கு உரிமை தருகிறது. பாக்கி 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம். அதற்குக் கீழே என்றால் சிவில் நீதிமன்றம்.

ஆக, கேட்பதற்கு உரிமை உண்டு. எவ்வளவு கேட்கலாம், எதுவரை கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் நாங்கள் இங்கே எழுதவில்லை. வழக்கு வரலாம் என்பதால் அவரே கேட்டுக்கொண்டது.

அவருடைய கணவர் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். மாமனார் காலத்து நத்தம் இடம், 2 சென்ட். ஓடு சரிந்த பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டலாம் என்று 2015-ல் முதலில் போனது ஓர் அரசு வங்கிக்கு. மேனேஜர் பட்டாவை வாங்கிப் பார்த்தார். எந்தத் தெரு என்று கேட்டார். “அந்த ஏரியாவுக்கு நாங்க லோன் போடுறதில்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுத்தில் ஏதும் தரவில்லை. நான்கு மாதம் கழித்து, டவுனில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் அதே பட்டாவின் மீது கடன் கொடுத்தது. வங்கியில் 10 சதவீதத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணம், இங்கே 15 சதவீதம்.

6 லட்சம் சாங்ஷன். கைக்கு வந்தது 5,63,000. மீதி எதற்குப் பிடித்தார்கள் என்று அப்போது இருவரும் கேட்கவில்லை. மாதத் தவணை 9,680 ரூபாய், பத்து வருடத்துக்கு. கணவன், மனைவி இருவரும் கையெழுத்து. அம்மாவின் தம்பி ஜாமீன்.

2015 ஜூலையிலிருந்து 2017 அக்டோபர் வரை 28 தவணை, ஒன்றுகூட தவறாமல் கட்டியிருக்கிறார்கள். மொத்தம் 2,71,040 ரூபாய். அந்த 28 மாதத்தில் அசல் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 72,500 ரூபாய்தான். அசல் பாக்கி 5,27,000-க்கு மேல் நின்றது. வட்டி அதிகமான நீண்ட காலக் கடனில் முதல் சில வருடம் கட்டுவதெல்லாம் வட்டிக்கே போகும். 15 சதவீதத்தில் அது இன்னும் மோசம்.

2017 நவம்பரில் கணவர் நெஞ்சு வலி என்று படுத்தவர், ஜி.எச்.சில் மூன்றாம் நாள் இறந்துபோனார். அப்போது மகனுக்கு 13 வயது. அந்த அம்மாவுக்குத் தினக்கூலி அடிப்படையில்தான் வேலை. தவணை நின்றது.

பிறகு நடந்தது எல்லாம் சட்டப்படி நடந்ததாகவே காகிதத்தில் இருக்கிறது. 60 நாள் அவகாசம் கொடுத்து முதல் நோட்டீஸ். அது இறந்துபோன கணவர் பெயருக்கும் சேர்த்து வந்தது. அதை அவர் பிரிக்கவே இல்லை; செத்தவர் பேருக்கு வந்த தபாலைப் பிரிக்க மனசு வரவில்லை என்றார். பிறகு கதவில் ஒட்டிய ஸ்வாதீன அறிவிப்பு. பிறகு ஒரு நாள் காலையில் போலீஸ், பூட்டு, சீல். பாத்திரங்களைத் தெருவில் வைத்தார்கள்.

ஏலம் எப்போது நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது. ஏல அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், வெளியிட வேண்டும் என்பது விதி. எங்கள் பத்திரிகை உட்பட எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் பொடி எழுத்தில் கட்டம் கட்டி வருமே, அதுதான். வீட்டை இழப்பவர்களில் அதைப் படித்தவர் ஒருவரைக்கூட நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை.

எவ்வளவுக்குப் போனது என்பதைக் கண்டுபிடிக்க வக்கீல்கூடத் தேவைப்படவில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தோம். 2015-ல் பத்திர ஒப்படைப்பு அடமானம். 2019-ல் விற்பனைச் சான்றிதழ், 5,10,000 ரூபாய். முதல் ஏலத்தில் குறைந்தபட்ச விலை 6,40,000 என்று வைத்து யாரும் வராததால், இரண்டாம் முறை 5,05,000 ஆகக் குறைத்ததாகப் பிற்பாடு கிடைத்த கணக்கில் தெரிந்தது. கேட்டவர் ஒரே ஒருவர். ஐயாயிரம் கூட்டி எடுத்துவிட்டார்.

கட்டடச் செலவே அதைவிட அதிகம். ஏன் யாரும் வரவில்லை? ஏலச் சொத்துகளை வாங்கி விற்கும் ஒரு புரோக்கரிடம் பேசினோம். ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்: “லொக்கேஷன் கேட்பாங்க சார். காலனின்னு சொன்னதும் போனை வச்சிருவாங்க. ரோட்டுக்கு மேற்கே இதே வீடு இருந்தா பத்துப் பேர் வந்து நிப்பான். காலனி ஆளுங்க வாங்கலாம்தான், அவங்ககிட்ட மொத்தப் பணம் ஏது?”

அவர் வியாபாரம் பேசினார். எங்களுக்கு வேறு கணக்கு ஓடியது. கடன் வாங்கப் போகும்போது தெருப் பெயரைக் கேட்டு வங்கி திருப்பி அனுப்பியதால் 15 சதவீத வட்டி. கடன் முறிந்து விற்கும்போது அதே தெருப் பெயரால் விலை கிடையாது. வட்டி ஏறி, விலை இறங்கி, நடுவில் விழுந்த பள்ளத்துக்குப் பெயர்தான் ‘பாக்கி’. அதை அடைக்கச் சொல்லி இன்று தபால் வருகிறது. சாதி என்ற சொல் எந்தப் பேரேட்டிலும் இல்லை. ஆனால் மேற்குத் தெருவில் இருந்திருந்தால் இந்தப் பாக்கியே விழுந்திருக்காது என்பதை அந்த அம்மாவும் சொல்கிறார், புரோக்கரும் சொல்கிறார்.

தபால் வந்த பிறகு அந்த வசூல் பையன் நான்கு முறை வந்திருக்கிறார். இரண்டாம் முறை இரவு 8:30-க்கு வந்து தெருவில் நின்று சத்தம் போட்டார். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது, மிரட்டவோ அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தவோ கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. மகனையும் விட்டுவைக்கவில்லை. “அப்பன் கடனை நீதான் கட்டணும், இல்லாட்டி உனக்கு எங்கேயும் வேலை கிடைக்காது” என்றாராம். மகனுக்கு இப்போது 21 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு மில்லில் வேலை. கடனில் அவர் கையெழுத்துப் போடவில்லை. இறந்தவர் விட்டுப்போன சொத்து வாரிசு கைக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசின் பொறுப்பு. இங்கே இருந்த ஒரே சொத்தும் ஏலத்தில் போய்விட்டது. மகன் தன் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. அம்மா கூட்டுக் கடன்தாரர், அவர் நிலைமை வேறு. ஜாமீன் போட்ட தம்பியும் பொறுப்பில் இருக்கிறார்; ஆட்டோ வாங்கப் போன இடத்தில் அவருக்கு லோன் கிடைக்காமல் போனதே அதனால்தான்.

மூன்றாம் முறை வந்தபோது அந்தப் பையனின் பேச்சு மாறியிருந்தது. இது முக்கியமான இடம். நிதானமாகப் படியுங்கள்.

“அம்மா, உங்களுக்காக ஆபீஸ்ல பேசியிருக்கேன்னான். வட்டியெல்லாம் தள்ளுபடி, ஒண்ணே முக்கால் லட்சம் கட்டுனாப் போதும், மாசம் மூவாயிரம்கூடக் கட்டலாம், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கன்னு ஒரு காகிதத்தை நீட்டுனான். அன்னைக்குத்தான் மொத தடவை ‘அம்மா’ன்னு கூப்பிட்டான். அதுலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு.”

கையெழுத்துப் போடாமல், செல்போனில் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். மகன் சொல்லிக் கொடுத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ‘மேற்படி நிலுவையை நான் ஒப்புக்கொள்கிறேன், அதைச் செலுத்த உறுதியளிக்கிறேன்’ என்பது அதன் சாரம்.

அந்தப் படத்தோடு அவர் போனது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. நாங்களும் கூடப் போனோம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12-வது பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். சாதிச் சான்றிதழ் நகலும் ஒரு மனுவும் போதும். பல பேர் அங்கே போகாததற்குக் காரணம், கோர்ட் வாசல் என்றாலே செலவு என்ற பயம்.

அங்கே கிடைத்த பெண் வக்கீல் காகிதங்களை மேசையில் பரப்பி முதலில் தேதிகளைத்தான் எழுதிக்கொண்டார். அவர் விளக்கியதை எங்கள் மொழியில் சொல்கிறோம்.

அடமானச் சொத்தின் மேல் பணம் கேட்டு வழக்குப் போட 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 12 வருடம் தருகிறது. வீடு விற்று முடிந்தபின் அடமானம் என்று ஒன்று இல்லை. மிஞ்சுவது வெறும் கைக்கடன் மாதிரி, ஆள் மேல் உள்ள கடன். அதற்குப் பொதுவாக மூன்றே வருடம். வீடு விற்றது 2019 செப்டம்பர். அதிலிருந்து எண்ணினாலும் மூன்று வருடம் 2022 செப்டம்பரில் முடியும். இடையில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை வழக்குத் தொடுக்கும் கெடுவில் கணக்கெடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த 23 மாதச் சொச்சத்தைக் கூட்டினால் கெடு 2024 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தீர்கிறது. நிறுவனம் இதுவரை எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போடவில்லை. கடிதம் வந்ததே 2025 மார்ச்சில்.

“கெடு முடிஞ்சா கடன் செத்துப் போயிடாதும்மா. கோர்ட்டுல போய் வசூலிக்கிற வழிதான் அடைபடும்” என்றார் வக்கீல். “அவங்க கேட்கலாம், லெட்டர் போடலாம். ஆனா நீங்க அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருந்தா, செத்த வழக்குக்கு நீங்களே உசுரு குடுத்திருப்பீங்க.”

ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவில் அந்த விஷயம் இருக்கிறது. கெடு தாண்டிய கடனைக் கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது புது ஒப்பந்தமாகச் செல்லும். அதை வைத்து மறுபடி மூன்று வருடம் வழக்குப் போடலாம். கெடு முடியாத கடன் என்றாலும் கவனம் வேண்டும். பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ, சிறு தொகை கட்டி அதற்குக் கையெழுத்துப் போட்டாலோ, அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓட ஆரம்பிக்கும். ‘ஆயிரம் ரூபா மட்டும் கட்டுங்க, நான் மேல சொல்லிக்கிறேன்’ என்று வசூலுக்கு வருபவர்கள் கெஞ்சுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழைய கடனும் கெடு தாண்டியது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இடையில் எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் வழக்கு நடந்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பே ஆகியிருக்கலாம். தீர்ப்பு ஆகிவிட்டால் அதை நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது. கோர்ட் சம்மன் வந்தால் எந்தக் காரணம் கொண்டும் வாங்க மறுக்கக்கூடாது, போகாமலும் இருக்கக்கூடாது. சேட்டுக் கடை நோட்டீஸும் கோர்ட் சம்மனும் ஒன்று என்று எண்ணிக் கிழித்துப் போட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வக்கீல் முதல் வேலையாகச் செய்தது நிறுவனத்துக்கு ஒரு கடிதம். பாக்கியை ஒப்புக்கொள்ளவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, கேட்டது இவ்வளவுதான்: கடன் தொடங்கிய நாள் முதல் முழு வரவு செலவுக் கணக்கு, ஏலத்துக்கு முன் மதிப்பீட்டாளர் கொடுத்த அறிக்கை, ஏலத் தொகையை எதெதற்கு வரவு வைத்தார்கள் என்ற விவரம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தின் நகலைத் தேசிய வீட்டுவசதி வங்கிக்கும் அனுப்பினார். வங்கிகள் மீதான புகாரை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோகலாம். வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் அந்தப் புகார் போக வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கி. மூன்று வாரத்தில் கணக்கு வந்தது.

ஏலத்தன்று கடன் பாக்கி வட்டி, அபராத வட்டியோடு 7,04,000. விளம்பரம், மதிப்பீடு, பூட்டுப் போட்டது, காவல் ஆள் என்று செலவு 36,000. மொத்தம் 7,40,000. கழித்தது 5,10,000. மீதி 2,30,000. அது ஐந்தரை வருடத்தில் மாத வட்டி மேல் வட்டி ஏறி 5,22,000 ஆகியிருக்கிறது. வீடு கையை விட்டுப் போனபின் ஐந்தரை வருடம் ஒரு கடிதமும் போடாமல் இருந்துவிட்டு, அந்த மௌனத்துக்கும் சேர்த்து வட்டி போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கின் முதல் பக்கத்தில், 2015 ஜூன் தேதியில், ஒரு வரி. அதைக் கண்டுபிடித்தது மகன்தான்.

கடன் கொடுத்த அன்றே 21,600 ரூபாய் ‘காப்பீட்டு பிரீமியம்’ என்று பிடித்திருக்கிறார்கள். 6 லட்சத்தில் கைக்கு 5,63,000 மட்டும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடன் வாங்கியவர் இறந்துபோனால் மிச்சக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்கும். வீட்டுக்கடனோடு சேர்த்து விற்கப்படும் பாலிசி அது. காப்பீடு செய்யப்பட்டவர் முதல் கடன்தாரர், அதாவது கணவர். கடன் காலம் முழுவதற்கும் ஒரே தவணையில் பிரீமியம் கட்டியாகிவிட்டது.

கணவர் இறந்தபோது பாக்கி 5,27,000 சொச்சம். காப்பீடு கேட்டிருந்தால் அப்போதே கடன் முடிந்திருக்க வேண்டும். தவணை நின்றிருந்தாலும் வீடு போயிருக்காது. இறப்புச் சான்றிதழ் நகலை 2017 டிசம்பரில் அந்த அம்மா தவணை கட்டும் ஆபீஸில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். “சார், அவர் இறந்துட்டாரு, கொஞ்சம் டைம் குடுங்க” என்று. வாங்கி வைத்துக்கொண்டு, அபராதம் ஏறும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிரீமியத்தைப் பிடித்தவர்களுக்குப் பாலிசி இருப்பது தெரியும். சொல்லவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோதுதான் மகன் இதை அம்மாவுக்குத் தமிழில் விளக்கினார். அவர் இரண்டு முறை திரும்பக் கேட்டார். பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. எழுந்து போய் எங்களுக்கு டீ வாங்கி வரச் சொல்லித் தெருப் பையன் ஒருவனிடம் காசு கொடுத்தார்.

எட்டு வருடம் கழித்துக் காப்பீடு கேட்க முடியுமா? கேட்கலாம் என்கிறார் வக்கீல். தாமதம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நேர்மையான கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. மறுத்தால், மறுத்த ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஜெயிக்குமா என்பது வேறு. ஆனால் கோரிக்கை மனு போன பிறகு வசூல் பையன் வருவது நின்றிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் வீடு கையில் இருப்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கடன் காகிதங்களை இன்றே எடுத்து, பிடித்தம் என்ற இடத்தில் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி சான்றிதழ் இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டதா? 60 நாள் முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள்; அதற்கு 15 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்வாதீன அறிவிப்பு ஒட்டிவிட்டார்களா? அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நம் மாவட்டத்துக்கு அது மதுரையில். கடனை அடைத்து வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஏலத்தன்று பணத்தோடு போய் நின்றால் யாரும் வாங்கமாட்டார்கள். கடனை விட அதிக விலைக்கு ஏலம் போனால், மிச்சப் பணம் உங்களுடையது. கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, பட்டாவைத் திருப்பிப் பாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த வீட்டுமனை, நிபந்தனைப் பட்டா, பஞ்சமி நிலம் ஆகியவற்றில் யாருக்கு, எத்தனை வருடத்துக்குள் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். 1892-ல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களில், பத்து வருடத்துக்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட இடத்தை அடமானம் வாங்கி, ஏலத்தில் யாருக்கு வேண்டுமானாலும் விற்றால், அந்த ஏலத்தையே கேள்வி கேட்கலாம். கடன் கொடுக்கும்போது பட்டாவின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள், நிபந்தனை தெரியாது என்று பிறகு சொல்லித் தப்ப முடியாது.

ஒருமுறைத் தீர்வு பற்றியும் கேட்கிறார்கள். கெடு தாண்டாத, உண்மையான பாக்கி என்றால் பேசி முடிப்பது நல்லதுதான். பேசுவது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு. எவ்வளவுக்கு முடிக்கிறோம், கட்டிய பின் எதுவும் பாக்கி இல்லை என்று நிறுவனம் தன் லெட்டர்ஹெட்டில் முதலில் எழுதித் தரட்டும். பணம் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போகட்டும், வசூல் ஆளின் ஜி-பே எண்ணுக்கு அல்ல. கடன் தகவல் பதிவில் அது ‘செட்டில்டு’ என்றுதான் ஏறும், முழுதாக முடிந்ததாக ஏறாது; அடுத்த கடன் கேட்கும்போது அதைக் கேட்பார்கள். தெரிந்தே செய்யலாம்.

பச்சை கேட் வீட்டை ஏலத்தில் எடுத்தவர் அதில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. காலனியிலேயே வேறு ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார், மாதம் 4,000.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன வாரம் பதில் வந்திருக்கிறது. மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. 2017-ல் ஜி.எச்.சில் சேர்த்ததற்கான உள்நோயாளிப் பதிவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மகனோடு ஆஸ்பத்திரி பதிவேட்டு அறைக்குப் போகிறார்.